கோடு வந்தா நல்லது: ஆர்கேட் மானிட்டர் ரிப்பேர் எழுத்துகள் பற்றி ஒரு விமர்சனம்

சில வருடங்களாக வார இறுதிகளில் நான் விடாமல் படித்துவருவது ஒரு விசித்திரமான எழுத்து வகை. 1980-களின் ஆர்கேட் கேம் மெஷின்களில் இருந்த மானிட்டர்களை எப்படி ரிப்பேர் செய்வது என்று சொல்லும் எழுத்துகள். கம்பெனிகளே போட்ட சர்வீஸ் மேனுவல்கள், பின்னால் ஆர்வலர்கள் தொகுத்த அறிகுறிப் பட்டியல்கள், இப்போது வரும் வீடியோக்கள். மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் நாற்பது வருடத்தில் ஒரு துறையின் சிந்தனை முறை எப்படி மாறியிருக்கிறது என்று தெரிகிறது. அந்த மாற்றம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலிலேயே ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நான் எலக்ட்ரானிக்ஸ் ஆள் இல்லை. பி.இ. படித்தேன், சாஃப்ட்வேரில் பிழைப்பு நடத்துகிறேன். இந்த எழுத்துகளை நம்பி, நல்ல நிலையில் இருந்த ஒரு பிக்சர் டியூபைக் கொன்றிருக்கிறேன். ஆகவே இது வெளியே நின்று சொல்லும் விமர்சனம் அல்ல.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது

பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாக. பாக்-மேன் 1980-இல் வந்தது. அதற்குள் இருந்தது 19 அங்குல கலர் மானிட்டர், செங்குத்தாகத் திருப்பி மாட்டியது. நம் வீட்டு டப்பா டிவியிலிருந்து சேனல் பிடிக்கும் பகுதியையும் ஸ்பீக்கரையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுமோ, கிட்டத்தட்ட அதுதான். அமெரிக்காவில் சிகாகோ பக்கத்து வெல்ஸ்-கார்ட்னர், கனடாவில் கிச்சனர் நகரத்து எலக்ட்ரோஹோம் ஆகிய இரண்டு கம்பெனிகளும் இவற்றை ஏராளமாகச் செய்தன. எலக்ட்ரோஹோம் ஜி07, வெல்ஸ்-கார்ட்னர் கே4600, கே4900, கே7000 என்ற பெயர்கள் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்குச் சொந்தக்காரர் பெயர் மாதிரி.

உள்ளே நடப்பது இதுதான். டியூபின் கழுத்திலிருந்து எலக்ட்ரான் கற்றைகள் கிளம்பும். கழுத்தைச் சுற்றி இருக்கும் யோக் என்ற காயில் அவற்றைப் பக்கவாட்டில் வினாடிக்கு ஏறக்குறைய 15,700 தடவையும், மேலிருந்து கீழாக ஏறக்குறைய 60 தடவையும் இழுக்கும். கற்றையை முன்னால் உறிஞ்ச 20,000 வோல்ட்டுக்கு மேல் தேவை. அந்த வோல்டேஜைத் தருவது ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மர். நம் ஊர் மெக்கானிக்குகள் ஈஹெச்டி என்பார்கள். இதை ஓட்டுவது அந்தப் பக்கவாட்டு இழுப்புச் சர்க்யூட்டேதான். பக்கவாட்டுச் சர்க்யூட் நின்றால் உயர் வோல்டேஜும் நின்றுவிடும், திரை முழு இருட்டாகிவிடும். இந்த ஒரு உறவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான் கொன்ற டியூப்

எந்தக் கம்பெனி மானிட்டர் என்று சொல்லப்போவதில்லை. தப்பு என்னுடையது, அவர்களுடையது அல்ல.

ஆன் செய்தால் திரையின் நடுவில் ஒரே ஒரு படுக்கைக் கோடு. கூர்மையான, பிரகாசமான கோடு. படம் இல்லை. நான் தேடிப் படித்த இடங்களில் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே பதில்: முதலில் கேப் கிட் போடு, பிறகு பேசலாம். கேப் கிட் என்றால் அந்த மாடலில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் எல்லாம் மொத்தமாக ஒரு கவரில் வருவது. வாங்கினேன். ஒரு சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து ஒன்று விடாமல் மாற்றினேன். விடியற்காலையில் ஆன் செய்தால் அதே கோடு. கூடவே ஒரு மெல்லிய கருகல் வாசனை. ஒரு கெபாசிட்டரைத் தலைகீழாக வைத்திருந்தேன்.

அதைச் சரிசெய்ய, கழுத்தின் முனையில் செருகியிருக்கும் பேஸ் போர்டை மறுபடி கழற்றினேன். தூக்கக் கலக்கம், எரிச்சல். நேராக இழுக்காமல் கொஞ்சம் ஆட்டி இழுத்தேன். "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கழுத்துக் கண்ணாடி விரிசல் விட்டுக் காற்று உள்ளே போய்விட்டது. நாற்பது வருடம் தாங்கிய வெற்றிடம் சில வினாடிகளில் முடிந்தது.

பிறகு வேறொரு டியூபை அதன் யோக்கோடு சேர்த்து, அதே சர்க்யூட் போர்டில் இணைத்துப் பார்த்தேன். அதே கோடு! பூதக்கண்ணாடி வைத்துத் தேடினால், யோக் வயர் செருகும் கனெக்டரின் ஒரு பின்னைச் சுற்றி, முடி அளவுக்கு ஒரு வட்ட விரிசல். டிரை சால்டர். இரும்பை வைத்துக் கொஞ்சம் ஈயம் விட்டேன். படம் முழுசாக வந்தது. மொத்த வேலை ஐந்து நிமிடம். அந்த மானிட்டரில் நான் மாற்றிய கெபாசிட்டர்களில் ஒன்றுகூட அந்தக் கோட்டுக்குக் காரணம் இல்லை.

மெக்கானிக் அண்ணன் சொன்னது

அன்றைக்கு எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் ஊர் டிவி மெக்கானிக். 80-களின் கடைசி. எங்கள் வீட்டு கறுப்பு வெள்ளை டிவியில் இதே மாதிரி கோடு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் படம் போய்விடுமே என்று வீடே சோகம். அவர் வந்து, பின்மூடியைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, "கோடு வந்தா நல்லது சார், பயப்படாதீங்க" என்றார் அப்பாவிடம். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னப்பா, படமே காணோம், நல்லதுங்கறே?" என்றார்.

அவர் சொன்னதன் தர்க்கம் முப்பது வருடம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. கோடு தெரிகிறது என்றால் டியூப் சூடாகிறது, எலக்ட்ரான் கிளம்புகிறது, உயர் வோல்டேஜ் இருக்கிறது. உயர் வோல்டேஜ் இருந்தால் பக்கவாட்டுச் சர்க்யூட் ஓடுகிறது. கோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீள்கிறது என்றால் யோக்கின் பக்கவாட்டுச் சுருளும் நன்றாக இருக்கிறது. ஆக, மெஷினின் முக்கால்வாசி நலம். மிச்சம் இருப்பது மேலிருந்து கீழாக இழுக்கும் பகுதி மட்டும்: அதன் ஆசிலேட்டர், ஆம்ப்ளிஃபையர், அதற்கு வரும் சப்ளை, அங்கிருந்து யோக் வரை போகும் வயர். ஒரே பார்வையில் நோயைக் கால்வாசி இடத்துக்குள் அடைத்துவிட்டார்.

பிறகு ஸ்க்ரூட்ரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் பிளாஸ்டிக் பிடியால் போர்டில் இங்கே அங்கே மெதுவாகத் தட்டினார். ஒரு இடத்தில் தட்டும்போது கோடு ஒரு கணம் விரிந்து மூடியது. "இங்க பாரு தம்பி" என்று எனக்குக் காட்டினார். அங்கே பற்றவைத்தார். கிளம்பிவிட்டார். ஒரு பார்ட்டும் மாற்றவில்லை.

அவர் மேனுவல் எதையும் படித்துப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். ஆனால் மேனுவல் எழுதியவர்கள் எப்படி யோசித்தார்களோ, அப்படியேதான் யோசித்தார்.

மேனுவல்: பாதி உண்மை

பழைய சர்வீஸ் மேனுவல்களை நான் ரசித்துப் படிக்கிறேன். பெரிய ஒரு சர்க்யூட் படம், முக்கியமான புள்ளிகளில் எல்லாம் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும், ஆசிலோஸ்கோப்பில் அலை எப்படித் தெரிய வேண்டும் என்று சின்னச் சின்னப் படங்கள். ஜி07-இன் பிரதான சப்ளை 120 வோல்ட் என்று போட்டிருந்தால், அது வாசகனுக்குக் கொடுத்த கேள்வி. உன்னிடம் எத்தனை இருக்கிறது? குறைவா? அப்படியென்றால் சப்ளை பலவீனமா, அல்லது பின்னால் யாரோ அதிகமாக இழுக்கிறார்களா? மேனுவல் பதில் சொல்லாது. சரியாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்லும். தப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது படிப்பவன் வேலை. வாசகனை மதிக்கும் எழுத்து என்று இதைத்தான் சொல்வேன்.

ஆனால் மேனுவலின் பெரிய குறை ஒன்று உண்டு. அதற்கு வயது தெரியாது. இரண்டு மூன்று வருடம் ஓடப்போகும் மெஷினுக்காக எழுதியது அது. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்குள் இருக்கும் திரவம் நாற்பது வருடத்தில் காய்ந்துபோகும், கனெக்டர் பின்கள் சூட்டிலும் குளிரிலும் விரிந்து சுருங்கிப் பற்றவைப்பு உடையும், டியூபின் பாஸ்பரில் பாக்-மேன் மேஸ் அழியாத வடுவாகப் பதிந்து மெஷினை அணைத்த பிறகும் தெரியும், என்பதெல்லாம் அதை எழுதியவர்களின் கற்பனையில் இல்லை. இருக்கவும் நியாயமில்லை. தவிர, அடுத்த மேஜையில் ஒரு நல்ல மானிட்டரும், கேட்டால் கிடைக்கும் ஸ்பேரும் உள்ள ஒரு டெக்னீஷியனைத்தான் அது மனதில் வைத்திருக்கிறது. கார் ஷெட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் என்னை அல்ல.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் பட்டியல்கள் வந்தன.

பட்டியல்: நோய்க்கு ஒரு மாத்திரை

பட்டியலின் வடிவம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இடது பக்கம் அறிகுறி, வலது பக்கம் மாற்ற வேண்டிய பார்ட் நம்பர். இதற்குப் பின்னால் நிஜமான உழைப்பும் அனுபவமும் இருக்கின்றன, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரே மாடலை நூறு தடவை பார்த்தவர்கள் எழுதியவை பல. என் புகார் வேறு. பட்டியல் இரண்டாம் நெடுவரிசையை மட்டும் கொடுத்து, அதற்குப் போன வழியை அழித்துவிடுகிறது.

இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று, ஃபியூஸ் போகிறது. ஹாரிசாண்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட். பட்டியல்: டிரான்சிஸ்டரை மாற்று. மாற்றுகிறோம், அடுத்த நிமிடமே புதியதும் போய்விடுகிறது. ஏன்? அந்த டிரான்சிஸ்டர் கொலையாளி இல்லை, கொலையானவன். ஃப்ளைபேக்குக்குள் ஷார்ட் இருக்கலாம். டிரான்சிஸ்டரை ஓட்டிவிடும் டிரான்ஸ்ஃபார்மரின் காலில் டிரை சால்டர் இருக்கலாம். அல்லது டிரான்சிஸ்டருக்குப் பக்கத்தில், கற்றை திரும்பி வரும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் உயர் வோல்டேஜ் ஃபிலிம் கெபாசிட்டர் மதிப்பு இழந்திருக்கலாம். அது மதிப்பு இழந்தால் உயர் வோல்டேஜ் ஆபத்தான அளவுக்கு ஏறும். கவனியுங்கள், அது எலக்ட்ரோலிட்டிக் அல்ல என்பதால் கேப் கிட்டில் வழக்கமாக இருக்காது. "கிட் போட்டாச்சு, கெபாசிட்டர் எல்லாம் புதுசு" என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஃபியூஸ் இருக்கும் இடத்தில் ஒரு குண்டு பல்பைத் தொடராக மாட்டியிருந்தால் புது டிரான்சிஸ்டர் தப்பியிருக்கும். பல்பு முழுசாக எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. பளிச்சென்று மின்னி மங்கினால் தைரியமாக அடுத்த படி. நம் ஊர் எலக்ட்ரிக் கடை ஒவ்வொன்றிலும் சீரிஸ் லேம்ப் தொங்கும். அதைச் சொல்லாத பட்டியல் எத்தனை!

இரண்டு, வெக்டர் மானிட்டர். 1979-இன் ஆஸ்டராய்ட்ஸ், 1981-இன் டெம்பெஸ்ட் போன்றவை வரிவரியாகப் படம் வரைவதில்லை; பேனா மாதிரி கோடுகளை நேராக இழுக்கின்றன. கற்றை நகராமல் ஒரே இடத்தில் நின்றால் பாஸ்பரைச் சுட்டுவிடும். அதனால் டெம்பெஸ்டில் இருக்கும் வெல்ஸ்-கார்ட்னர் 6100-இல் ஸ்பாட் கில்லர் என்று ஒரு காவல் சர்க்யூட் உண்டு. கற்றை நகரவில்லை என்று தெரிந்தால் அதை அணைத்துவிட்டு ஒரு சிவப்பு எல்இடியை எரியவிடும். இப்போது ஒருவர் வருகிறார்: திரை இருட்டு, சிவப்பு விளக்கு எரிகிறது. "ஸ்பாட் கில்லர் பிரச்சினை" என்று அதற்குப் பெயர் வைத்து அந்தச் சர்க்யூட்டையே பிரித்துப்போடுகிறார். உண்மையில் கேம் போர்டே கிளம்பாமல் இருந்து, நகரச்சொல்லும் சிக்னலே வராமல் இருக்கலாம். மானிட்டர் தன் கடமையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. வீட்டுக்காரன் கத்தினான் என்று அவனையே பிடித்து அடைப்பது போலத்தான் இது. முதலில் மீட்டரை எடுத்து, உள்ளே சிக்னல் வருகிறதா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

நிண்டெண்டோவின் டாங்கி காங் (1981) இன்னொரு பாடம். அதன் போர்டு கலர் சிக்னலைத் தலைகீழாக அனுப்பும். அதற்கேற்ற மானிட்டர் அதில் இருந்தது. அந்தப் போர்டை நேரடியாகச் சாதாரண மானிட்டரில் மாட்டினால் போட்டோ நெகடிவ் மாதிரி படம் வரும. மானிட்டரில் எந்தப் பழுதும் இல்லை. அறிகுறி திரையில் தெரிந்தாலும் நோய் திரையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாஃப்ட்வேரில் நாம் தினமும் பார்ப்பதுதானே இது?

கேப் கிட்: ஏன் எல்லோரும் அதையே சொல்கிறார்கள்

இங்கே நியாயமாகப் பேச வேண்டும். கேப் கிட் பல மானிட்டர்களை உயிர்ப்பித்திருக்கிறது. படத்தின் மேல்பகுதி மடிந்து விழுவது, படம் சுருங்குவது, வளைந்து வளைந்து நெளிவது எல்லாம் வயதான கெபாசிட்டரின் வேலையாக இருப்பது மிகச் சகஜம். நாற்பது வருட எலக்ட்ரோலிட்டிக்கை நம்பி வருடக்கணக்கில் ஓட்டுவதும் புத்திசாலித்தனம் இல்லை. பராமரிப்பாக அது சரியான வேலை. நான் எதிர்ப்பது அதை நோயறிதலுக்குப் பதிலாக வைப்பதை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். தெருவில் மெஷின் வைத்துக் காசு எடுத்த ஆபரேட்டருக்கு அது கச்சிதமான கணக்கு. மெஷின் நின்ற ஒவ்வொரு நாளும் நஷ்டம். ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருப்பதைவிட எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் போவது மலிவு. டியூப் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் நேரம் விலை அதிகம், டியூப் விலை குறைவு. இன்றைய ஆர்வலனுக்கு இரண்டும் தலைகீழ். எனக்கு வார இறுதி முழுக்க நேரம் இருக்கிறது; டியூப்தான் கிடைக்காது. கணக்கு மாறிய பிறகும் விடையை மட்டும் அப்படியே காப்பியடித்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. இருபது பார்ட்டை ஒரே ராத்திரியில் மாற்றினால், படம் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. வராவிட்டால் பழைய பழுதா, நான் புதிதாக உண்டாக்கியதா என்று தெரியாது. ஒரே நேரத்தில் இருபது இடத்தில் கோடை மாற்றிவிட்டு டெஸ்ட் ஓட்டும் ஜூனியரை நாம் என்ன சொல்வோம்? அதையே நான் செய்தேன். இன்று ஈஎஸ்ஆர் மீட்டர் என்று ஒன்று கிடைக்கிறது. கெபாசிட்டரின் உள்தடை ஏறியிருக்கிறதா என்பதை, பெரும்பாலும் போர்டிலிருந்து கழற்றாமலே, பவர் இல்லாத நிலையில் அளந்துவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டிய கட்டாயம் இப்போது இல்லவே இல்லை.

வீடியோ: கை தெரியும், தலை தெரியாது

வீடியோக்களால் எனக்கு நன்மை உண்டு. யோக்கை எப்படிப் பிடிப்பது, டியூபின் உயர் வோல்டேஜை ஃப்ரேமுக்கு இறக்குவது எப்படி என்பதையெல்லாம் எழுத்தில் படித்துக் கற்பது சிரமம். ஒரு கை எங்கே இருக்கிறது என்று பார்த்தால்தான் புரியும்.

ஆனால் வீடியோ எடிட் செய்யப்படும்போது முதலில் வெட்டப்படுவது தயக்கம். மீட்டரைப் பார்த்து ஐந்து நிமிடம் முழித்த இடம், தப்பாக யூகித்த இடம், ஒன்றும் தோன்றாமல் டீ குடிக்கப் போன இடம். யோசனை நடந்தது அங்கேதான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வேகமாக ஓடும் கைகளும் கடைசியில் வரும் படமும்.

வெட்டப்படும் இன்னொன்று உயிருக்கே ஆபத்தானது. ஜி07 மாதிரியான பல சேஸிகளுக்கு மெயின் கரண்டிலிருந்து தனியாகப் பிரிவு கிடையாது. கேபினெட்டுக்குள் இருக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்தான் அதைச் செய்கிறது. மானிட்டரை மட்டும் வெளியே எடுத்து மேஜையில் வைத்து நேராக வீட்டு பிளக்கில் செருகினால் ஃப்ரேமே உயிருள்ள வயர் ஆகிவிடலாம். அந்த டிரான்ஸ்ஃபார்மர் கேமராவின் சட்டகத்துக்கு வெளியே இருந்தால், பார்ப்பவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சொல்லாமல் விடுவதும் தப்பான தகவல்தான்.

என்ன போய்விடும்?

"அட, ஒரு எல்சிடி மாட்டிட்டுப் போங்களேன்" என்பார்கள் நண்பர்கள். மேம் எமுலேட்டர் 1997-இல் வந்ததிலிருந்து இந்த கேம்களின் நிரல் பத்திரமாக இருக்கிறது; ஆயிரம் காப்பி எடுக்கலாம், ஆயிரமும் ஒன்றே. சாஃப்ட்வேர்காரனாக நானும் ரொம்ப நாள் கேம் என்றால் நிரல்தான் என்று நம்பினேன். ஆனால் ஆஸ்டராய்ட்ஸில் பறக்கும் குண்டு, இருட்டில் ஊசி முனை மாதிரி எரியும் ஒளிப்புள்ளி. அது நிரலில் இல்லை. நிரல் "இங்கே போ" என்று மட்டும்தான் சொல்கிறது. எரிவது பாஸ்பர். அதைக் காப்பி எடுக்க முடியாது. பழைய டிவிகளிலிருந்து டியூபை எடுத்து, யோக்கின் தடையும் கழுத்தின் பின்களும் பொருந்துகிறதா என்று பார்த்து மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்த டிவிகளும் தீர்ந்துகொண்டிருக்கின்றன. இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஆகவே ஒவ்வொரு தப்பான ரிப்பேரும் கணக்கில் கழித்தல்தான். என் கணக்கில் ஒன்று கழிந்திருக்கிறது.

எந்த எழுத்து வேண்டும்

மேனுவலுக்கு யோசனை தெரியும், வயது தெரியாது. பட்டியலுக்கு வயது தெரியும், யோசனையைச் சொல்லாது. வீடியோவுக்குக் கை தெரியும், இரண்டையும் வெட்டிவிடும். எனக்கு வேண்டியது நான்காவது ஒன்று: நோயாளிக் குறிப்பு. என்ன பார்த்தேன், அதிலிருந்து எதெல்லாம் நலம் என்று முடிவு செய்தேன், என்ன யூகித்தேன், அதைப் பொய்யாக்க எதை அளந்தேன், கடைசியில் என்ன இருந்தது. நம் தொழிலில் சர்வர் விழுந்தால் எழுதுகிறோமே, அதே மாதிரி. தப்பான யூகங்களும் அதில் இருக்க வேண்டும். அடுத்தவனுக்கு அதுதான் அதிகம் உதவும்.

சொல்வதோடு நிற்காமல் ஒன்றை எழுதிப் பார்த்தேன். போன மாதம் கைக்கு வந்த மானிட்டர் பற்றிய என் நோட்டுப் புத்தகக் குறிப்பு, சுருக்கமாக:

பார்த்தது: படம் நிலையாக இருக்கிறது, சிவப்பு மட்டும் இல்லை, வெள்ளை எழுத்து வெளிர் நீலப்பச்சையாகத் தெரிகிறது. நலம் என்று முடிவு செய்தது: சப்ளை, இரண்டு திசை இழுப்பும், உயர் வோல்டேஜ், சிங்க். யூகம் ஒன்று: கேம் போர்டிலிருந்தே சிவப்பு வரவில்லை. சோதனை: பவரை அணைத்து, மானிட்டர் நுழைவாயிலில் சிவப்பு, பச்சை வயர்களை இடம் மாற்றினேன். மாற்றிய பிறகும் சிவப்புதான் இருட்டு. ஆகவே கேம் போர்டும் வயரும் நிரபராதிகள், யூகம் தப்பு. யூகம் இரண்டு: டியூபின் சிவப்புத் துப்பாக்கி செத்துவிட்டது. (இந்த வரியை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கியது.) சோதனை: பேஸ் போர்டில் மூன்று கலர் டிரான்சிஸ்டர்களின் கலெக்டர் வோல்டேஜையும் ஒப்பிட்டேன். பச்சை, நீலம் கிட்டத்தட்ட சமம். சிவப்பு மட்டும் சப்ளை அளவுக்கே ஏறி நிற்கிறது. அதாவது அந்த டிரான்சிஸ்டர் கடத்தவே இல்லை, துப்பாக்கியை அதுதான் அடைத்து வைத்திருக்கிறது. அணைத்து, கழற்றி அளந்ததில் பேஸ்-எமிட்டர் ஓப்பன். இருந்தது: ஒரு டிரான்சிஸ்டர். மாற்றினேன், சிவப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் ஈஎஸ்ஆர் மீட்டரை எடுத்தேன். இரண்டு கெபாசிட்டர்கள் மோசம், அவற்றை ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் ஆன் செய்து பார்த்தேன். பேஸ் போர்டை நேராக, இரண்டு கையாலும் இழுத்தேன்.

இரண்டு மாலை ஆனது. கிட் போட்டிருந்தால் ஒரே ராத்திரி. ஆனால் அந்தக் கவரில் டிரான்சிஸ்டர் இருந்திருக்காது.

உங்களில் யாராவது இந்த வேலையில் இருந்தால், பவர் இல்லாத நேரத்தில் ஒரு நோட்டை எடுத்து வையுங்கள். இரும்பைச் சூடாக்குவதற்கு முன்னால் முதல் வரியை எழுதுங்கள்: இந்த மெஷினில் எதெல்லாம் நன்றாக இருக்கிறது? எங்கள் ஊர் அண்ணன் மூடியைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கேட்ட கேள்வி அதுதான்.

காற்றுப் போன அந்த டியூப் இன்னும் ஷெட்டில்தான் இருக்கிறது. தூக்கிப்போட மனசு வரவில்லை.